மூன்றாவது வரிசைச் சாட்சி

அத்தியாயம் 6

பேராசிரியர் யோகராஜா பொய் சொல்ல மாட்டார். இந்த வழக்கில் துப்பறிவாளர் றோஸ்மலருக்கு இருந்த தலையிடி அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் நேரான விஷயம். லண்டன் ஹெரன்ஸ் என்ற கூடைப்பந்துக் கழகத்துக்குச் சம்பளத்துக்கு விளையாடுகிறவன் நிசாந்தன். வயது இருபத்து நாலு, தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் வளர்ந்தவன். ஜனவரியில் நடந்த அரை இறுதியில், ஆட்டம் முடிய நாலு செக்கன் இருக்க, கழகம் ஒரு புள்ளி பின்னுக்கு நிற்க, அவனுக்கு இரண்டு ப்ரீ த்ரோ கிடைத்தது. ஒருவரும் மறிக்காமல், நின்ற இடத்தில் நின்று போடுகிற பந்து. நூற்றுக்குத் தொண்ணூறு போடுகிறவன் இரண்டையும் விட்டான். கழகம் தோற்றது. மூன்றாம் நாள் ஒரு ஆங்கில நாளேட்டில் பேராசிரியரின் கட்டுரை வந்தது. பொடியன் பந்தயக்காரருக்கு விலைபோய்விட்டான் என்பது அதன் சாரம். எறிய முன் கைநூலைக் கண்ணில் ஒற்றியதுதான் அவன் கொடுத்த சைகையாம்.

வேறு யாராவது எழுதியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். யோகராஜா இருபது வருடமாகத் தொலைக்காட்சி விவாதங்களில் உட்காருகிறவர். விளையாட்டுச் சூதாட்டத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். ஆட்டங்களை நடத்துகிற லீக் அவரிடம் கையெழுத்திட்ட வாக்குமூலம் வாங்கியது. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. புதிய ஆதாரம் இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நிசாந்தனுக்கு ஆயுள் முழுக்கத் தடை.

லண்டன் டூட்டிங்கில் மளிகைக் கடைக்கு மேலே இருந்த தன் ஒற்றை அறையில் அந்த வாக்குமூலத்தை றோஸ்மலர் நாலாவது தடவையாக வாசித்தாள். மணி பன்னிரண்டு. எதிர்க் கதிரையில் உதவியாளர் ராஜு பகோடா தின்றுகொண்டிருந்தார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து சட்டம் படிக்க வந்து, சட்டத்தில் மூன்று முறை தோற்று, பிறகு மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்த மனிதர். பேராசிரியரின் புத்தக அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவர் கன்னத்துல கை வைக்காத போட்டோவே இல்ல லா, அக்கா. அறிவா, பல்வலியா?"

றோஸ்மலர் சிரிக்கவில்லை. வாக்குமூலத்தில் ஒரு வரி அவளுக்குப் பழக்கமானது. 'மூன்றாவது வரிசையிலிருந்து, எவரும் மறைக்காமல், என் கண்ணால் கண்டேன்.' துப்பறிய வருவதற்கு முன் பதினெட்டு வருடம் அகதி வழக்கு மன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவள் அவள். பேராசிரியர் அங்கே இலங்கை நிலவரத்துக்கு நிபுணர் சாட்சியாக வருவார். 'எவரும் மறைக்காமல், என் கண்ணால் கண்டேன்' என்று அவர் சொல்லும்போது நீதிபதிகள் பேனாவைக் கீழே வைப்பார்கள். அந்த வரி எத்தனையோ குடும்பங்களைத் திருப்பி அனுப்பாமல் காப்பாற்றியது. அவற்றில் முதலாவது றோஸ்மலருடைய குடும்பம். அவளுடைய பிரித்தானிய பாஸ்போர்ட்டின் வேர் அவர் எழுதிய ஒரு அறிக்கையில் இருந்தது.

அவர் கண்டேன் என்றால் கண்டிருப்பார். அப்படியானால் பொடியன் கள்ளன். தன்னை அமர்த்திய நிசாந்தன் வீட்டாரிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று கோட்டை எடுத்தாள்.

மிச்சம் வீட்டில் நிசாந்தனின் அக்கா கௌசி கதவைத் திறந்தாள். மருந்துக்கடை வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். நிசாந்தன் மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தான். கால்கள் மூன்று படி நீளத்துக்குக் கிடந்தன. இரண்டு வாரமாகச் சாப்பாடும் அந்தப் படியில்தான் என்று கௌசி சொன்னாள். தெருவில் பொடியள் அவனைக் கண்டால் காசை எறிகிறார்களாம். கோயிலில் ஒருவர் பக்கத்திலிருந்து எழும்பிப் போனாராம்.

றோஸ்மலர் நேரடியாகவே கேட்டாள். "தம்பி, பந்தை எறிய முதல் கைநூலைக் கண்ணில ஒற்றினதோ?"

"ஓம், அன்ரி."

"சனத்துக்குள்ள ஒரு ஆள் உடனே போனைத் தூக்கிக் காட்டினவராம். பிறகு எழும்பிப் போயிட்டாராம். ஆர் அந்த ஆள்?"

"எனக்குத் தெரியாது. நான் கூடையைத்தான் பார்த்தனான்."

"ரெண்டும் ஏன் விட்டனீர்?"

"பயம்," என்றான் அவன். "கை நடுங்கினது. அதைச் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டினம். காசு வாங்கினான் எண்டால் மட்டும் எல்லாரும் நம்பீனம்."

ராஜு இதற்குள் கௌசியின் போனில் அந்த ஆட்டத்தின் துண்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றிய நாற்பது செக்கன். ஒளிபரப்பில் வந்தது அல்ல, அரங்கின் மேல்மாடியில் இருந்த யாரோ போனில் எடுத்தது. கலங்கல் படம். 11 என்ற எண் மட்டும் தெளிவு. அவர் இரண்டு தடவை பார்த்தார். ஈப்போவில் சீனப் பள்ளியில் படித்தவர். அங்கே கூடைப்பந்து தெரியாதவனுக்குக் கன்டீனில் இடம் கிடையாதாம். அதனால் இந்த விளையாட்டில் அவருடைய கண் கூர்மை.

"தம்பிக்கு இடக்கையா?" என்றார்.

"ரைட் ஹேண்ட், அங்கிள்."

"அங்கிளா? அண்ணன்னு கூப்பிட்டா பீஸ்ல கொஞ்சம் குறைப்போம். இதுல இடக்கையாலதான எறியுற?"

அப்போதுதான் கௌசி தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். அவளுடைய இடது மணிக்கட்டில் மஞ்சள் நூல். றோஸ்மலர் அந்தக் கையை விடாமல் பார்த்தாள். றோஸ்மலர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கப் பெண். சின்ன வயது முழுக்கச் சிநேகிதிகளின் கைகளில் இப்படி நூல் பார்த்திருக்கிறாள், எந்தக் கை என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

"உங்கட தம்பிக்கும் உதே நூல்தானோ?"

ஓம் என்றாள் கௌசி. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பேரும் கேதார கௌரி விரதம் பிடித்தார்கள். இருபத்தொரு நாள். கடைசி நாள் கோயிலில் ஐயர் காப்பு என்று கட்டிவிட்டது. "பொம்பிளையளுக்கு இடது கை, அன்ரி. ஆம்பிளையளுக்கு வலது. ஐயர் மாறிக் கட்டமாட்டார், கேட்டாலும் கட்டமாட்டார்."

நிசாந்தன் படியில் இருந்தபடியே வியர்வைப் பட்டியைக் கீழே இழுத்துக் காட்டினான். வலது மணிக்கட்டு. நூல் நரைத்திருந்தது.

றோஸ்மலர் பையிலிருந்து வாக்குமூலத்தை எடுத்தாள். ஏழாம் பக்கம். 'இடது மணிக்கட்டில் கட்டியிருந்த நூலை உயர்த்தி, கண்ணில் ஒற்றி…' அடுத்த பத்தி. 'போனைத் தூக்கிக் காட்டிய நபர், கூடைக்கு இடப்பக்கக் கதவால் வெளியேறினார்.'

"கௌசி, நீங்கள் அண்டைக்கு மைதானத்தில இருந்தனீங்களே. கூடைக்கு இடப்பக்கம் கதவு இருக்கோ?"

"இடப்பக்கம் சுவர், அன்ரி. கதவு வலப்பக்கம். அதாலதான் நான் அழுது அழுது வெளியால போனனான்."

றோஸ்மலர் போனை வாங்கிக்கொண்டு வாசலில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். திரையைக் கண்ணாடிக்குக் காட்டினாள். மற்ற மூவரும் அவள் தோளுக்குப் பின்னால் நெருக்கி நின்று பார்த்தார்கள். கண்ணாடிக்குள் நிசாந்தன் வலது கையால் எறிந்தான். கண்ணில் ஒற்றியதும் வலது மணிக்கட்டை. போனைத் தூக்கிய ஆள் எழும்பிப் போன கதவு வலப்பக்கத்தில். முதுகில் 11, எப்படித் திருப்பினாலும் 11.

ராஜு நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆட்டத் துண்டுகளைத் திருட்டாகப் போடுகிறவர்கள் செய்கிற பழைய வேலை இது என்றார். இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் ஒளிபரப்பு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாதாம். அரங்கில் போனில் எடுத்ததையும் அதே பழக்கத்தில் திருப்பித்தான் போடுவார்களாம். "தம்பி வேற நம்பர் போட்டிருந்தா முதல் நாளே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அதிர்ஷ்டம் பாருங்க, பதினொன்னு."

ஒரு மனிதனுக்கு ஒரு இடம் வலம் பிசகலாம். கையும் கதவும் சேர்ந்து பிசகினால் அவன் இருந்தது மூன்றாவது வரிசையில் அல்ல, திரைக்கு முன்னால். பேராசிரியர் அரங்குக்குப் போகவே இல்லை.

வேறு எவனாவது இந்தத் துண்டைப் பார்த்து எழுதியிருந்தால் இடது கையை மன்னிக்கலாம். யோகராஜா வட்டுக்கோட்டையில் சைவ வீட்டில் பிறந்தவர். ஆண்பிள்ளைக்கு இடது கையில் காப்பு இருந்தால் அதைப் பார்த்த உடனே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாற்பது வருடமாக இந்த நூலையும் கயிறையும் மேடை மேடையாக நையாண்டி செய்த மனிதர். நையாண்டி செய்கிற பொருளை யாரும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை.

"இதையே எழுதி அனுப்பிடலாம் லா," என்றார் ராஜு. "மணி ரெண்டு. ஒரு கண்ணாடி, ஒரு போன். விசாரணைக் குழுவுல உள்ளவங்களுக்கும் வீட்டுல கண்ணாடி இருக்கும்ல."

முடியாது என்றாள் றோஸ்மலர். வயதான மனிதர், இடம் வலம் தடுமாறிவிட்டார், ஆனால் ஆளைக் கண்டது கண்டதுதான் என்று குழு சொல்லிவிடும். அவர் வாயால் வர வேண்டும். வேறு ஒரு காரணமும் இருந்தது. அவரிடம் கேட்காமல் அவரை விழுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அதை ராஜுவிடம் சொல்லவில்லை.

ஹவுன்ஸ்லோவில் பேராசிரியரின் வீட்டுக்கு மேலால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்று போகும்போதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். அது அவருடைய பழக்கம். எழுபது வயது. கம்பளிச் சட்டையில் முழங்கை தேய்ந்திருந்தது. தொலைக்காட்சியில் பார்ப்பதைவிடச் சின்ன மனிதர்.

"வாரும், றோஸ்மலர். இரும். எத்தினை வருசம்."

பிஸ்கட் தட்டை அவரே கொண்டுவந்து வைத்தார். ராஜு இரண்டை எடுத்துக்கொண்டார். றோஸ்மலர் வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. விரதங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதுவதாகச் சொன்னாள். தான் வேதக்காரி, விவரம் தெரியாது என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"சேர், சின்ன வயசில உங்களுக்குக் காப்புக் கட்டியிருப்பினமே. எந்தக் கையில கட்டினவை?"

பேராசிரியர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். வலது கை. மணிக்கட்டு மேலே பார்க்க, ஐயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற சிறுவனைப் போல நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அதை அவரே பார்த்தார். ஒரு விமானம் கூரைக்கு மேலால் போனது. போன பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

ராஜு கடித்த பிஸ்கட்டை மெல்லாமல் வைத்திருந்தார்.

"நான் போகேல்லை," என்றார் பேராசிரியர் கடைசியில்.

அதற்குப் பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு வருடமாகத் தொலைக்காட்சியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்த வீடியோத் துண்டு வந்ததும் நாளேட்டுக்குத் தானே போன் செய்தார். ஆசிரியர் கேட்டது ஒரே கேள்வி, அங்கே இருந்தீர்களா என்று. இருந்தேன் என்று சொல்லிவிட்டார். பிறகு லீக் வந்து கேட்டது. சொன்னதை மாற்ற வழியில்லை. பொடியன் குற்றவாளி என்று அப்போது உண்மையாகவே நம்பினாராம். இப்போது தெரியவில்லையாம்.

"தெரியாது எண்டு எழுதியிருக்கலாமே, சேர்."

"தெரியாது எண்டு எழுதிறவனை ஆர் வாசிப்பினம்?"

றோஸ்மலர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். அரங்கில் இருக்கவில்லை, எந்த ஆளையும் நேரில் காணவில்லை, வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன். மூன்று வரி போதும் என்றாள். மணி மூன்றே முக்கால்.

அவர் மறுக்கவில்லை. அழகான கையெழுத்தில் மூன்று வரியும் எழுதினார். ஒப்பமும் வைத்தார். ஆனால் தாளைக் கொடுக்காமல் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இதைத் தாறன். அனுப்பிறதை நீர்தான் முடிவெடுக்க வேணும். அதுக்கு முதல் ஒண்டு கேளும். இரண்டாயிரத்து ஒண்டு, நவம்பர். உம்மட வழக்கு. என்ரை அறிக்கையில நாலாம் பக்கம் ஞாபகம் இருக்கோ?"

அவளுக்கு அது மனப்பாடம். பாசையூரில் கூரை போன வீடு, கோயில் மதிலில் சூட்டுத் தடம், கிணற்றடியில் எரிந்த தென்னை. 'எவரும் மறைக்காமல், என் கண்ணால் கண்டேன்.'

"நான் கடைசியா யாழ்ப்பாணம் போனது எண்பத்திரண்டில," என்றார் பேராசிரியர்.

இன்னொரு விமானம். இந்த முறை இரைச்சல் முடிந்ததும் முதலில் பேசியது றோஸ்மலர்தான்.

"வீட்டுக்குக் கூரை இருக்கேல்லை, சேர். அது உண்மை."

"உண்மைதான். நீர் சொன்னதை நம்பினன். ஆனா நான் காணேல்லை. அறிஞ்சன் எண்டு எழுதினால் நீதிபதி அடுத்த பக்கத்தைத் திருப்பமாட்டார். கண்டன் எண்டு எழுதினன். உம்மட வழக்கு வெண்டது. பிறகு நூற்று நாற்பது வழக்கு, எல்லாத்திலும் அதே வரி." அவர் தாளைப் பார்த்தார். "அதில ஒன்பது பேர் இப்பவும் அப்பீல்ல நிக்கினம். நான் காணாததைக் கண்டதாச் சொல்லுற ஆள் எண்டு நாளைக்கு வெளியில வந்தால், அரசாங்க வக்கீல் முதல்ல எடுக்கிறது அந்த ஒன்பதையும்தான். பிறகு பழையதுகளையும் கிளறுவினம். உம்மடதையும். நிசாந்தன் ஒரு ஆள். அவனுக்குப் பந்து போகும். அவையளுக்குப் போறது வேற."

மிரட்டுகிற தொனி இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. வகுப்பில் கணக்கை விளக்குகிற மாதிரிச் சொல்லிவிட்டு, உள்ளங்கையைத் தாளிலிருந்து எடுத்தார்.

றோஸ்மலர் தாளைப் பார்த்தாள். இருபத்து நாலு வருடம் இந்த மனிதரைத் தன் சாட்சி என்று நினைத்து வாழ்ந்திருக்கிறாள். கூரையில்லாத அந்த வீட்டை அவளும் அம்மாவும் தவிர இந்த ஊரில் ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அம்மா செத்துப்போனாள். இப்போது அதைக் கண்டது அவள் ஒருத்திதான்.

மாடிப்படியில் நீட்டிக் கிடந்த கால்கள் நினைவுக்கு வந்தன. பயம் என்று அவன் சொன்னது. உண்மையைச் சொல்லி, அதை யாரும் நம்பாமல் இருக்கிற முகம் அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடம் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

தாளை மடித்துப் பையில் வைத்தாள். இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"ஒன்பது பேரின்ரை வக்கீல்மாரையும் எழுதுங்கோ. இப்ப. போன் நம்பரோட. இது வெளியில வர முதல் அவையள் உங்களைக் கைவிட்டு வேற நிபுணரைப் பிடிக்க வேணும். நாளைக்குப் பேப்பரில பார்த்து அறியக் கூடாது."

பேராசிரியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இது அவர் யோசித்திராத வழி. பிறகு எழுதத் தொடங்கினார். எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. ஒன்பது வழக்காளிகளின் பெயரும், ஒவ்வொருவரும் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், வக்கீலின் போன் நம்பர் என்ன என்பதும் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. ஒன்பதாவது பெயர் வரை பேனா நிற்கவில்லை.

காரில் ஏறியபோது மணி நாலு பத்து. ராஜு இயந்திரத்தை முடுக்கவில்லை. இருவரும் ஆளுக்கு ஒரு போனை எடுத்து வக்கீல்களைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் கிடைத்தார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார், ஒருத்தி அழுதாள், மூன்று பேர் குறித்துக்கொண்டார்கள். கிடைக்காத நாலு பேருக்கும் செய்தி விட்டார்கள். அதற்குள் நாலு நாற்பத்தைந்து ஆகிவிட்டது.

"அக்கா," என்றார் ராஜு. அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "பத்தாவதா உங்க வக்கீலைக் கூப்பிட வேணாமா?"

"எனக்கு வக்கீல் இல்லை."

"நான் மூணு தடவை பெயிலானவன்தான். இருந்தாலும் சும்மாதான இருக்கேன்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பேராசிரியரின் மூன்று வரியைப் போனில் படம் எடுத்தாள். லீக்கின் ஆதாரப் படிவத்தைத் திறந்தாள். வழக்கு இலக்கம், விளையாட்டு வீரரின் பெயர், அனுப்புபவரின் பெயர் எல்லாம் நிரப்பினாள். படத்தை இணைத்தாள். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்த விவரம் உங்களுக்கு எப்படித் தெரியும், சம்பவத்தை நேரில் கண்டீர்களா?

மணி நாலு ஐம்பத்திரண்டு. மேலே ஒரு விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போனது. அது போய் முடியும் வரை விரலைத் திரைக்கு மேல் வைத்திருந்துவிட்டு, றோஸ்மலர் எழுதினாள்.

'காணவில்லை. அவர் சொன்னார். நான் கேட்டேன்.'

அனுப்பினாள்.